வாழ்த்து அட்டைக்கு எந்த வெள்ளை அட்டை வாங்குவது? மடித்தால் வெடிக்கிறது

காட்பாடிக்காரி:
வணக்கம். கிறிஸ்துமஸ் விற்பனைக்காகக் கையால் வாழ்த்து அட்டை செய்கிறேன். முத்திரை குத்துவேன், ஜெல் பேனாவில் எழுதுவேன், மேலே கலர் பேப்பரில் பூ வெட்டி ஒட்டுவேன். வேலூரில் ஒரு கடையில் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை, கிராமில்) என்று சொல்லி ஏ4 அளவில் ஒரு கட்டு வெள்ளை அட்டை கொடுத்தார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் நடுவில் மடித்தால் மடிப்போரம் வெடித்து, உள்ளே இருக்கும் நார் தெரிகிறது. மையும் காய மாட்டேன் என்கிறது, விரல் பட்டால் இழுபடுகிறது. கனம் குறைந்த அட்டை வாங்கினால் சரியாகுமா?

பிரஸ்காரர், குடியாத்தம்:
கனத்தை அப்புறம் பார்ப்போம் மா. அட்டை பளபளவென்று, விரலால் தடவினால் வழுக்குகிறதா? பின்பக்கம் என்ன நிறம்?

காட்பாடிக்காரி:
ஆமாம் அண்ணா, வழுக்குகிறது. பின்பக்கமும் வெள்ளைதான், அதுவும் பளபளப்பு.

பிரஸ்காரர், குடியாத்தம்:
அப்படியானால் அது ஆர்ட் கார்டு. ஆப்செட் அச்சுக்கு அருமையான சரக்கு, பேனாவுக்கு ஆகாது. மேலே பூச்சு இருப்பதால் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். மடிக்கும்போது முதலில் அந்தப் பூச்சுதான் விரிசல் விடும். பின்பக்கம் சாம்பல் நிறமாக இருந்தால் டூப்ளெக்ஸ், அது டப்பா செய்வதற்கு. நீங்கள் பூச்சு இல்லாத அட்டை என்றே கேட்டு வாங்குங்கள். விரல் வழுக்காமல் லேசாகப் பிடிக்க வேண்டும். 250 ஜிஎஸ்எம் போதும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: அட்டைக்கு நார் ஓட்டம் உண்டு, அதாவது உள்ளே நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அதற்கு இணையாக மடித்தால் மடிப்பு வழவழவென்று விழும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். ஏ4 தாளில் ஓட்டம் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். நீங்கள் அதை நடுவில் பாதியாக மடிக்கிறீர்கள், அதாவது குறுக்கே. எடையை மட்டும் குறைத்தால் வெடிப்பு கொஞ்சம் குறையும், தீராது.

ஆற்காடு டீச்சர்:
ஓட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்க, தாளை மடிக்காமல் இரண்டு பக்கமாகவும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்க்காமல் வளைகிறதோ, அந்த வளைவுக் கோடுதான் ஓட்டம். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னத் துண்டில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்கள், தானே குழல் போலச் சுருண்டு காட்டிக்கொடுக்கும், அந்தக் குழலின் நீளவாக்குதான் ஓட்டம்.

கடைக்காரர் சொல்லும் ஜிஎஸ்எம்மை நான் நம்புவதே இல்லை. ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 16 தாளை மளிகைக்கடை மின்தராசில் வைத்தால் எத்தனை கிராமோ அதுதான் ஜிஎஸ்எம். 250 என்று சொன்னது 210 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

காட்பாடிக்காரி:
16 தாளை எடை போடுவது பிரமாதம் டீச்சர்! ஆனால் ஏ4 தாளில் ஓட்டம் எல்லாம் நீளவாக்கில்தான் என்றால் நான் என்ன செய்வது?

பிரஸ்காரர், குடியாத்தம்:
பெரிய ஷீட்டாக வாங்கி வெட்டச் சொல்லுங்கள். 23க்கு 36 அங்குல ஷீட்டில் ஓட்டம் 36 பக்கமாகப் போனால், 5க்கு 7 அளவு அட்டைக்கு விரித்த துண்டு 10க்கு 7. அந்த 7 அங்குலம் 36 பக்கமாக வரும்படி வெட்டினால் ஒரு ஷீட்டில் 10 அட்டை, மடிப்பும் ஓட்டத்தோடு சரியாக விழும். திருப்பி வெட்டினால் 9 தான் கிடைக்கும், அதுவும் வெடிக்கும். வேலூர் லாங் பஜார் பக்கம் கட்டிங் மெஷின் இருக்கும் இடத்தில் அட்டையைக் கையில் வளைத்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள், வாயால் சொன்னால் சிலர் தலையாட்டிவிட்டு அவர்கள் வழியிலேயே வெட்டுவார்கள்.

மடிக்கும் முன் மை தீர்ந்த பால் பேனாவால், ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்துங்கள். பள்ளம் வெளிப்பக்கம், மேடு உள்பக்கம் வரும்படி மடிக்க வேண்டும். நிறையப் பேர் பள்ளத்துக்குள்ளே மடிக்கிறார்கள். அப்படி மடித்தால் வெளிப்பக்கம் அதிகமாக இழுபடும்.

ராணிப்பேட்டை தம்பி:
அக்கா, வெள்ளை நிறத்தைக் கடை டியூப்லைட்டில் பார்த்து எடுக்காதீர்கள், வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள். கள்ளநோட்டு பார்க்கும் விளக்கின் கீழ் நீலமாக ஜொலித்தால் அதில் வெளுப்பூட்டி கலந்திருக்கிறது. வெயில் படும் இடத்தில் வைத்தால் அந்த வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். விற்று உடனே போகும் அட்டைக்கு இது பிரச்சினையே இல்லை.

காட்பாடிக்காரி:
சரி தம்பி. கையில் மீதி இருக்கும் ஆர்ட் கார்டை என்ன செய்வது?

ஆற்காடு டீச்சர்:
மடிக்காத வேலைக்கு வையுங்கள்: பரிசுப் பொட்டலத்தில் கட்டும் பெயர்ச்சீட்டு, பூ வெட்டி ஒட்டும் துண்டு. ஒட்டும்போது தண்ணீர்ப் பசை வேண்டாம், அட்டை வளையும். இரட்டைப் பக்க டேப் போதும்.