புதுப்பிப்பு: தராசு – கணினி இணைப்பு அறுந்துபோவது சரியாகிவிட்டது

சிறிது நேரம் சும்மா இருந்தால் பகுப்பாய்வுத் தராசிலிருந்து எடை வராமல் மென்பொருள் 'டைம்அவுட்' காட்டுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தராசில் ஆர்எஸ்-232 (பழைய வகை சீரியல் போர்ட்), நடுவில் யுஎஸ்பி கன்வெர்ட்டர், கணினியில் விண்டோஸ். இப்போது காரணம் தெரிந்துவிட்டது.

முதலில் கன்வெர்ட்டரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். தராசைக் கழற்றிவிட்டு, 9 முள் கனெக்டரில் 2, 3 முட்களை (தரவு வாங்கும் முள், அனுப்பும் முள்) ஒரு சிறு கம்பியால் இணைத்து, புட்டியில் (சீரியல் போர்ட்டோடு பேச உதவும் இலவச மென்பொருள்) ஃப்ளோ கன்ட்ரோல் என்ற அமைப்பை நிறுத்தி, ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் திரும்பி வந்தால் கன்வெர்ட்டர், டிரைவர், காம் எண் (விண்டோஸ் அந்தப் போர்ட்டுக்குத் தரும் எண்) மூன்றும் சரி. பிறகு தராசை மாட்டி எடையை உடனே கேட்கும் 'எஸ்ஐ' (SI) கட்டளையை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அனுப்புங்கள் (எம்டி-சிக்ஸ், அதாவது மெட்லர் டொலிடோவின் MT-SICS கட்டளைத் தொகுப்பை ஏற்கும் தராசுகளுக்கு). வரி முடிவைக் குறிக்கும் சிஆர் (CR), எல்எஃப் (LF) குறிகள் இரண்டும் கட்டாயம். புட்டியில் என்டர் அழுத்தினால் சிஆர் மட்டுமே போகும், எல்எஃப்-க்குக் கன்ட்ரோல்+ஜே. குப்பை எழுத்து வந்தால் பாட் ரேட் (தரவு வேகம்) அல்லது பாரிட்டி (பிழை சோதிக்கும் பிட்) இரு பக்கமும் பொருந்தவில்லை. ஒன்றுமே வராவிட்டால் கேபிளில் 2, 3 முட்கள் நேராக இணைந்துள்ளனவா குறுக்காகவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

இங்கே இவை எல்லாம் சரியாகவே இருந்தன. மின்சாரம் மிச்சப்படுத்த விண்டோஸ்தான் யுஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைத்தது. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்து, பவர் ஆப்ஷன்ஸில் 'செலக்டிவ் சஸ்பெண்ட்'டையும் (சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் வசதி) நிறுத்தியதும் இணைப்பு நிலையாக நிற்கிறது.

கன்வெர்ட்டரை எப்போதும் ஒரே யுஎஸ்பி துளையில் மாட்டுங்கள். சீரியல் எண் இல்லாத மலிவு வகைகளுக்குத் துளை மாறினால் காம் எண்ணும் மாறும். மென்பொருளோ பழைய எண்ணையே தேடும்.