வால்வ் கவர் கேஸ்கெட் மாற்றியபின் பி0171 கோட் திரும்பத் திரும்ப வருகிறது, உதவுங்கள்

நண்பர்களே, பெட்ரோல் என்ஜினில் கைவைத்துப் பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

2012 மாடல் ஹேட்ச்பேக், எம்ஏஎஃப் சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றை அளப்பது) உள்ள வண்டி. ஆயில் கசிந்ததால் வால்வ் கவர் கேஸ்கெட்டை வீட்டிலேயே மாற்றினேன், அதற்காக இன்டேக் ஹோஸையும் பிசிவி குழாயையும் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடுவது) கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. கசிவு சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் அதிலிருந்து செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அழித்தாலும் கொஞ்ச நாளில் அதே கோட்.

ஐடிலில் லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, +20% பக்கம் நிற்கிறது, 2500 ஆர்பிஎம்மில் +5%க்கு இறங்கிவிடுகிறது. பம்ப்போ ஃபில்டரோ காரணம் என்றால் வேகம் கூட்டும்போது இது ஏற வேண்டும், இறங்கக் கூடாது, அதனால் எம்ஏஎஃப் சென்சாரைத் தாண்டி எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது என்றுதான் நினைக்கிறேன். மெக்கானிக் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. அது ஐடிலில் பெரும்பாலும் 0.1 வோல்ட்டில் (பெட்ரோல் குறைவு) கிடந்தாலும், சட்டென்று ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 0.8 வரை (பெட்ரோல் அதிகம்) ஏறுகிறதே, பழுதான சென்சார் அப்படிக் காட்டுமா?

எம்ஏஎஃப் சென்சாரை அதற்கான ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தாயிற்று. கிளாம்ப்கள் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. இன்னொன்று, ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தாலும் என்ஜின் ஓட்டத்தில் மாற்றமே இல்லை, வழக்கமாகத் தடுமாற வேண்டும் அல்லவா?

புது கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் ஆயில் கசியாமல் காற்றை மட்டும் இழுக்குமா? இல்லை, பிசிவி குழாயில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பா? வீட்டிலேயே ஸ்மோக் டெஸ்ட் (இன்டேக்குக்குள் புகை விட்டு, எங்கே வெளியேறுகிறது என்று பார்ப்பது) செய்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.