"முப்பது சதவீதம்தானே?": வானிலை அறிக்கை வாசித்த அனுபவங்கள்

சிறு விமானம் ஓட்டுபவர், 9 வருட அனுபவம்

உரிமம் வாங்கி நான்கே மாதம் ஆகியிருந்தது. 50 நிமிடப் பயணம், பொழுது விடிந்து அரை மணி நேரத்தில் இறங்க வேண்டும். கிளம்புமுன் போய்ச் சேரும் இடத்தின் மெட்டாரைப் பார்த்தேன். மெட்டார் என்பது விமான நிலையத்தின் அப்போதைய வானிலையைச் சொல்லும் வழக்கமான அறிக்கை. காற்று துளியும் வீசவில்லை, ஐந்து சுழியம் போட்டிருந்தது. பார்வைத்தூரம் 8000 மீட்டர். சொல்லும்படி மேகம் இல்லை. வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 15/14. இதைவிட அமைதியான காலை வாய்க்காது என்று நினைத்தேன்.

டாஃபில் ஒரு வரி இருந்தது. டாஃப் என்பது விமான நிலையத்துக்கென்று எழுதும் முன்னறிவிப்பு, பெரிய நிலையங்களுக்கு 24 அல்லது 30 மணி நேரத்துக்கு வரும். அந்த வரி: பிராப் 30, 0600, எஃப்.ஜி. அதாவது, பார்வைத்தூரம் 600 மீட்டருக்கு இறங்கும் அளவுக்கு மூடுபனி வர முப்பது சதவீத வாய்ப்பு. முப்பதுதானே, மீதி எழுபது என் பக்கம் என்று கிளம்பிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது 2000 அடியிலிருந்து ஓடுபாதை தெரிந்தது. முனையில் எழுதியிருந்த எண், நடுக்கோடு, ஓரத்தில் நின்ற வண்டி எல்லாம் தெரிந்தன. அவற்றின் மேல் காய்ச்சிய பாலில் ஆடை படிந்ததுபோல மெல்லிய வெண்மை, அவ்வளவுதான். சுற்றி வந்து இறங்கத் தொடங்கினேன். ஏறக்குறைய 200 அடிக்கு வந்தபோது ஓடுபாதை காணாமல் போனது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை, வேறு எதுவும் இல்லை. விசையைக் கூட்டி மேலே ஏறினேன். ஏறியதும் கீழே பார்த்தால் அதே ஓடுபாதை, அதே எண், பளிச்சென்று!

காரணம் எளிய கணக்கு. 150 அடி கனமுள்ள பனியை நேர் மேலிருந்து பார்த்தால் கண் கடக்க வேண்டியது 150 அடிதான். இறங்கும் பாதையின் 3 டிகிரி சரிவில் பார்த்தால் அதே பனிக்குள் ஏறக்குறைய 900 மீட்டர் கடந்து பார்க்க வேண்டும். அன்று அது தெரியாமல் இன்னொரு முறை முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். நல்ல வேளை, எரிபொருள் இருந்தது. 35 நிமிடம் தள்ளி இருந்த மாற்று நிலையத்தில் இறங்கினேன்.

அன்று மாலை எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் முந்தைய நான்கு மணி நேரத்து மெட்டார்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினார். 18/14, 17/14, 16/14, 15/14. பக்கத்திலேயே காற்றின் வேகம்: 6, 4, 2, 0 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்). "கடைசி வரியை மட்டும் ஏன் படித்தாய்? அடுத்த வரி என்னவென்று இங்கேயே எழுதியிருக்கிறதே" என்றார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மெட்டாருக்குப் பொருந்தாது. பனிநிலை நகராமல் நிற்க, வெப்பநிலை மணிக்கு ஒரு டிகிரி இறங்கி வர, காற்றும் ஓய்ந்து, வானமும் திறந்து கிடந்தால் மூடுபனி வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி. மெட்டாரில் வெப்பநிலை முழு எண்ணாகத் திருத்தித்தான் வரும். 14.5 என்பது 15 ஆகும், 14.4 என்பது 14 ஆகும். நான் ஒரு டிகிரி இடைவெளி என்று நம்பிய 15/14 உண்மையில் பத்தில் ஒரு டிகிரியாகக்கூட இருந்திருக்கலாம். சூரியன் வந்ததும் பனி கலைந்துவிடும் என்றும் நினைத்திருந்தேன். ஆனால் முதல் வெயில் தரையோரக் காற்றை லேசாகக் கிளறிவிடும்போது பல நாள் பனி இன்னும் கெட்டியாகிறது. நான் போய்ச் சேர்ந்ததும் அதே அரை மணி நேரத்தில்தான்.

பிராப் 30 பற்றியும் ஒரு வார்த்தை. டாஃபில் 30, 40 என்று இரண்டே அளவுதான் உண்டு. அதற்குக் குறைந்த வாய்ப்பை எழுதவே மாட்டார்கள். 50 சதவீதம், அதற்கு மேல் என்றால் பிராப் போடாமல் நேரடியாகவே சொல்லிவிடுவார்கள். ஆக, முன்னறிவிப்பாளர் 30 என்று எழுதியிருக்கிறார் என்றால், இதை விமானி கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்மானித்துத்தான் எழுதியிருக்கிறார்.

பயணிகள் விமானக் கேப்டன்

எனக்கு அந்த "தானே" டெம்போவில் வந்தது, டாஃபில் தற்காலிக மாற்றத்தைக் குறிக்கும் சொல் அது. போகும் இடத்துக்கு நான்கு மணி நேர டெம்போ, இடியுடன் மழை, சி.பி. என்று குறிக்கும் இடிமேகம் 2500 அடியில். என் துணை விமானி இளைஞர், கெட்டிக்காரர். "சார், டெம்போதானே, வந்து போயிடும்" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

சரி, விளக்கத்தை வார்த்தை வார்த்தையாகப் பார்ப்போம் என்றேன். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக நீடிக்கும், எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்தின் பாதிக்கும் குறைவாக இருக்கும். இதுதான் டெம்போ. நான்கு மணி நேரத்தில் பாதிக்குக் குறைவு என்றால் இரண்டு மணி நேரத்தை ஒட்டிக்கூட இடி நிற்கலாம். ஒரே தடவையில் 55 நிமிடம் நின்றாலும் முன்னறிவிப்பு பொய்யாகாது. ஜெட் விமானத்தில் கடைசியாகக் கையிருப்பில் இருக்க வேண்டிய எரிபொருள் 30 நிமிடத்துக்கு. அதைத் தொடும் நிலைமைக்கே போகக்கூடாது. அப்படியானால் அந்த 55 நிமிடத்தை எதை வைத்துக் கடப்பது?

கூடுதலாக 40 நிமிட எரிபொருள் ஏற்றிக்கொண்டோம். போய்ச் சேர்ந்தபோது நிலையத்தின் மேலேயே இடிமேகம். 25 நிமிடம் வட்டமடித்தோம். எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு விமானங்கள் வேறு ஊருக்குத் திரும்பிவிட்டன. அப்புறம் மேகம் நகர்ந்தது, நனைந்த ஓடுபாதையில் இறங்கினோம். மழை தொடங்கியதும் ஒரு ஸ்பெசி வந்திருந்தது. அடுத்த வழக்கமான அறிக்கைக்குக் காத்திராமல், நிலைமை மாறியதும் இடையில் வெளியிடும் சிறப்பு அறிக்கை அது.

ஆனால் இடிமேகம் ஸ்பெசியைவிட வேகமாக மாறும். 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லஸ்-ஃபோர்ட் வொர்த்தில் இறங்கிக்கொண்டிருந்த விமானம் ஓடுபாதைக்கு முன்னால் இருந்த மழைத்தாரைக்குள் நுழைந்து, மேலிருந்து கொட்டிய காற்றில் சிக்கி விழுந்தது. 137 பேர் இறந்தார்கள். ஃபுஜிட்டா என்ற ஆய்வாளர் மைக்ரோபர்ஸ்ட் என்று பெயரிட்ட அந்தக் காற்று சில நிமிடங்களில் தோன்றி முடிந்துவிடும். காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், இறங்கும் பாதையில் சி.பி. நிற்கிறது என்றால் நான் உள்ளே போகமாட்டேன்.

வானிலை நிலையக் கண்காணிப்பாளர்

அறிக்கை எழுதும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மெட்டாரில் ஆட்டோ என்ற சொல்லைப் பார்த்தால் அதில் மனிதக் கண் படவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். மேக உயரம் அளக்கும் கருவி தன் தலைக்கு நேர் மேலே மட்டும் பார்க்கும். பார்வைத்தூரக் கருவி தன் முன்னால் உள்ள கொஞ்சம் காற்றை அளந்து, எல்லா இடமும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் விடியலில் கிழக்கு முனைக் கருவி 9999 காட்டியது, அதாவது 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல். மாடிக்குப் போனேன். எங்களிடம் தூரம் அளந்து குறித்த அடையாளங்கள் உண்டு: 800 மீட்டரில் ஒரு கொட்டகை, 1500 மீட்டரில் தண்ணீர்த் தொட்டி, 6 கிலோமீட்டரில் குன்று. குன்று தெளிவாக இருந்தது. மேற்கே திரும்பினால் தண்ணீர்த் தொட்டியின் தலை மட்டும் மிதக்கிறது, கொட்டகையே இல்லை. கருவி சொன்னது பொய்யில்லை, அது நின்ற இடத்துக்கு அது உண்மை. அறிக்கையில் மூடுபனித் திட்டுகள் என்று பி.சி.எஃப்.ஜி. சேர்த்தேன், மேற்கின் பார்வைத்தூரத்தைத் தனியாகப் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் வழியாக, மேற்கு முனை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்த நாலு எழுத்தைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். இருபது வருட வேலையில் எனக்கு மறக்காத காலைகளில் அதுவும் ஒன்று.

பயிற்சி விமானி

சின்ன அனுபவம்தான். மெட்டாரில் காற்று 310 டிகிரி, 22 நாட். ஓடுபாதை 27, அதாவது 270 டிகிரி திசை. 40 டிகிரி கோணம், குறுக்குக்காற்று 14 நாட். எங்கள் விமானத்துக்கு 17 வரை சரி என்பதால் போகலாம் என்றேன். எழுத்தில் வரும் காற்று உண்மை வடக்கிலிருந்து, ஓடுபாதை எண் காந்த வடக்கிலிருந்து என்பதை மறந்துவிட்டேன். அங்கே காந்த விலகல், அதாவது இரண்டு வடக்குக்கும் உள்ள வித்தியாசம், மேற்கே 20 டிகிரி. கோபுரம் வானொலியில் காற்றைக் காந்தத் திசையில்தான் சொல்லும்: 330. கோணம் 60, குறுக்குக்காற்று 19. ஆசிரியர் எதுவும் பேசாமல் விமானத்தின் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இப்போதெல்லாம் திசையைத் திருத்திவிட்டுத்தான் கணக்கைத் தொடுகிறேன்.

மீண்டும் முதலில் எழுதியவர்

மூடுபனித் திட்டு பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. அன்றிலிருந்து ஆறு மெட்டார்களையாவது கையால் வரிசையாக எழுதிவிட்டுத்தான் கிளம்புகிறேன். போன வாரம் 13/10, 12/10, 11/10. மூடுபனிதான் என்று முடிவுகட்டியிருப்பேன், ஆனால் பக்கத்துப் பத்தியில் காற்று 2, 4, 8 நாட் என்று ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த அறிக்கையில் பார்வைத்தூரம் 7000 மீட்டர், பனி இல்லை. அதற்குப் பதில் 400 அடியில் வானம் முழுவதும் தாழ்மேகம். காற்று ஈரத்தைத் தரையில் உட்காரவிடாமல் மேலே தூக்கிவிட்டிருக்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றுதான், இறங்க முடியாது. இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். 15/10 வந்த பிறகு இன்னும் ஒரு அறிக்கை பார்த்துவிட்டு இயந்திரத்தை ஓட்டினேன்.