‘பிளின்ற்லொக்’ துவக்குக்குத் தமிழ்: பூட்டா, பொறியா?

குழும உறவுகளுக்கு வணக்கம்.

‘பிளின்ற்லொக்’, அதாவது தீக்கல்லால் பற்றவைக்கும் பழைய துவக்குக்கு (துப்பாக்கிக்கு), தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று போன கிழமை நான் போட்ட கேள்விக்கு இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. தனித்தனியாக எழுதினால் விடிந்துவிடும். அதனால் எல்லாருக்கும் இந்த ஒரு மடலிலேயே மறுமொழி சொல்கிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு முன்கதை. கொழும்பு கறுவாத்தோட்டத்தில் ஒரு வீட்டில் மூன்று தலைமுறையாகச் சேர்த்த பழைய துவக்குகள் இருக்கின்றன. 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி எடுக்க வேண்டிய அனுமதிப்பத்திரங்கள் பாட்டனார் காலத்திலிருந்து ஒன்றும் தவறாமல் ஒரே கோப்பில் கிடக்கின்றன. வீட்டுக்காரர் அப்படிப்பட்ட மனிதர். ஒவ்வொரு துவக்குக்கும் மும்மொழியில் ஓர் அட்டை எழுதி வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சிங்களமும் ஆங்கிலமும் முடிந்துவிட்டன. தமிழை முன்பு ஒருவர் பாதியில் விட்டுப்போக, மிச்சம் என் தலையில் விழுந்தது.

அவர் எழுதி வைத்திருந்த முதல் அட்டையில் ‘தீக்கல் பூட்டுத் துவக்கு’ என்று இருந்தது. வீட்டுக்காரரின் பேத்திக்கு ஒன்பது வயது. எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, துவக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “தாத்தா, இதின்ர திறப்பு எங்க?” சாவியைத்தான் கேட்கிறாள்.

கலைச்சொல்லுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை எனக்குத் தெரியாது. ‘லொக்’ என்றால் பூட்டு என்று அகராதி சொல்லும், சரி. ஆனால் துவக்கில் உள்ள அந்தப் பாகம் எதையும் பூட்டுவதில்லை. அதன் வேலை பற்றவைப்பது. ஆங்கிலேயர் ஏன் அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது அவர்கள் பாடு. ஒரு பழைய துவக்கைக் கழற்றினால் பெரிதாக மூன்று பாகம் வரும்: குழல், சோங்கு (தோளில் அணைக்கும் மரப்பாகம்), அப்புறம் இந்தச் சாமான். முதல் இரண்டுக்கும் எங்களிடம் பேச்சிலேயே சொல் இருக்கிறது. மூன்றாவதற்குத்தான் வழி தெரியாமல் நிற்கிறோம்.

அதை நான் கையில் பிடித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். அது பிரவுண் பெஸ் வகை, ‘இந்தியா மாதிரி’ என்பார்கள். 39 அங்குலக் குழல், வாய் முக்கால் அங்குலம். கண்டியோடு சண்டை பிடித்த காலத்து ஆங்கிலச் சிப்பாயின் துவக்கு. வீட்டுக்காரர் முதலில் இரும்புச் சலாகையைக் குழலுக்குள் நழுவவிட்டார். அடியில் போய் ‘டிங்’ என்றது. வெறுங்குழல் என்றால் அந்தச் சத்தம்தான் வரும். வெடிமருந்தும் ஈயக்குண்டும் உள்ளே இருந்தால் மொக்கைச் சத்தம் கேட்கும். பிறகு பக்கத்தில் உள்ள குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். பெயர்தான் குதிரை, பார்க்கக் கழுத்தை வளைத்த கொக்கு மாதிரி இருக்கும். அதன் அலகில் சின்னத் தோல் துண்டு சுற்றிய தீக்கல் ஒன்று செருகியிருந்தது. திரைச்சீலைகளை இழுத்து மூடச்சொல்லிவிட்டு விசைவில்லைத் தட்டினார். கல் பாய்ந்து எதிரே நிற்கும் உருக்குத் தகட்டை உரசியது, தகடு பின்னால் சாய்ந்தது, அதன் அடியில் மூடியிருந்த சிறு கிண்ணம் திறந்தது, அதற்குள் செம்மஞ்சளாக நாலைந்து துளி கொட்டின. கண் மூடித் திறக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது. கிண்ணத்தில் மருந்து இருந்திருந்தால் அது பற்றி, குழலின் பக்கத்துத் துளை வழியே தீ உள்ளே போயிருக்கும்.

அந்த வீட்டில் சமையலுக்கு நிற்கும் அம்மா பதுளைப் பக்கம். கதவருகே நின்று பார்த்தவர், “அடேயப்பா, பொறி பறக்குது பாருங்க” என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே சொல் கிடைத்துவிட்டது.

பொறி என்றால் தீப்பொறி. பொறி என்றால் இயந்திரம். பொறியியல் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு பீடமே நடத்துகிறோம். பொறியை உண்டாக்கும் பொறிக்குப் பொறி என்று பெயர் வைக்காமல் பூட்டைத் தேடிப்போவது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான். ஆயுதத்துக்கு இந்தச் சொல் புதிதும் அல்ல. மதுரை மதிலில் தானே வளைந்து எய்யும் வில்லைச் சிலப்பதிகாரம் ‘வளைவிற்பொறி’ என்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: தீக்கற்பொறி, சுருக்கமாகக் கற்பொறி. துவக்கோடு சேர்த்தால் கற்பொறித் துவக்கு. இனி உங்கள் மறுப்புகள்.

> பூட்டு என்பது கதவுப்பூட்டு மட்டும் அல்ல. ஏர் பூட்டுகிறோம், தேரில் குதிரை பூட்டுகிறோம். அந்தப் பொருளில் எடுத்தால் என்ன தவறு?

சென்னை ஐயா, தவறு இல்லைத்தான். வினையாக அது அழகான சொல். ஆனால் அட்டையில் நிற்பது பெயர்ச்சொல். பெயராக எழுதியதும் வாசிப்பவர் மனத்தில் தொங்குவது அலிகார் பூட்டு. விளக்கம் சொல்லித்தான் நிமிர்த்த வேண்டும் என்றால் அந்தச் சொல் தன் வேலையைச் செய்யவில்லை.

> பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல் உருக்கைச் சீவுகிறது. சீவிய உருக்குத் துகளே எரிந்து பொறியாகிறது. எனவே ‘கற்பொறி’ அறிவியற்படி பிழை.

இதை எழுதியவர் பொறியியலாளர் என்று ஊகிக்கிறேன். சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெயர் அடையாளம் காட்டினால் போதும், பாடம் நடத்தத் தேவையில்லை. ‘கற்பொறி’யில் பொறிக்கு இயந்திரம் என்ற பொருளை முதலில் எடுங்கள்: கல்லால் இயங்கும் பொறி. அதில் பிழை இல்லை. தீப்பொறி என்ற பொருள் மேலதிக வருமானம்.

> துவக்கு என்றால் எங்கள் ஊரில் ‘தொடங்கு’. துப்பாக்கி என்றே எழுதலாமே.

இது தீராத வழக்கு! உங்கள் கணினியில் ‘துவக்கு’ என்ற பொத்தானைப் பார்த்து இங்கே எத்தனை பேர் திடுக்கிட்டிருக்கிறோம் தெரியுமா? வேடிக்கை என்னவென்றால் துவக்கு, துப்பாக்கி இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். துருக்கியில் ‘துஃபெக்’, பாரசீகத்தில் ‘துஃபங்’. சிங்களவரும் ‘துவக்குவ’ என்பார்கள். போதாக்குறைக்குச் ‘சக்கிமுக்கி’யும் துருக்கிச் சொல்தான், ‘சக்மக்’. தனித்தமிழ் வேண்டும் என்பவர்கள் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம். கொழும்பு அட்டையில் துவக்கு என்றே இருக்கும். நீங்கள் கற்பொறித் துப்பாக்கி என்று எழுதுங்கள். முன்பாதி இரண்டுக்கும் பொருந்துகிறது, எனக்கு அதுதான் முக்கியம்.

இனி, உண்மையிலேயே என்னைத் தடுமாற வைத்த மடல்.

> தம்பி, எங்கட பக்கம் பொறி எண்டால் எலிப்பொறிதான். பொறித்துவக்கு எண்டு எழுதினால் பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கு எண்டுதான் சனம் நினைக்கும். அதில கால் போன ஆக்களைக் கண்டிருக்கிறன்.

மட்டக்களப்பு அண்ணன், இது சொல் விளையாட்டு அல்ல என்பது எனக்கு விளங்குகிறது. காட்டோரம் கயிறு கட்டி வைத்துவிட்டுப் போகும் அந்தச் சாமானில் ஆள்கள் அடிபட்ட செய்தி இன்றைக்கும் பேப்பரில் வருகிறது. யோசித்துப் பார்த்ததில், ‘பொறித்துவக்கு’ என்று மொட்டையாக எங்கேயும் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன். முன்னால் கல்லோ திரியோ இல்லாமல் அந்தச் சொல் அட்டையில் வராது. என் முதல் வரைவில் இரண்டு இடத்தில் அப்படி இருந்தது, வெட்டிவிட்டேன்.

அதே மடலில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ‘இடியன்’ எனக்குப் புதையல். வாய்வழியாக மருந்து போட்டுச் சலாகையால் இடிக்கிற துவக்கு இடியன். நான் ‘வாய்வழி மருந்தேற்றும் துவக்கு’ என்று எழுதி வைத்துக்கொண்டு நல்ல தமிழ் எழுதிவிட்டதாக நினைத்திருந்தேன். ஏதோ ஆஸ்பத்திரித் துண்டு மாதிரி இருக்கிறது. வன்னியில் வேட்டைக்குப் போனவர்கள் யாரையும் கேட்காமல் நாலெழுத்தில் முடித்துவிட்டார்கள்.

பொறி என்ற சொல்லின் பலன் ஒரு துவக்கோடு நிற்காமல் குடும்பத்துக்கே பெயர் கொடுப்பதில்தான் தெரிகிறது. கல்லுக்கு முன்னால் இருந்தது திரி: எரிந்துகொண்டே இருக்கும் கயிற்றைக் கொக்கி கொண்டுவந்து கிண்ணத்தில் வைக்கும். அது திரிப்பொறி. போர்த்துக்கேயர் கொழும்பில் இறங்கிய காலம் அந்தக் காலம். மழை வந்தால் திரி அணைந்துவிடும், இரவில் அதன் கங்கே ஆளைக் காட்டிக்கொடுக்கும். (இங்கே பழைய ஆள்கள் லீ என்ஃபீல்ட் என்ற பிற்காலத்து ஆங்கிலப் படைத் துவக்கைத் ‘திறீ நொட் திறீ’ (.303) என்பார்கள். அதில் திரி கிடையாது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அடுத்தது மணிக்கூடு மாதிரிச் சாவி கொடுத்து ஒரு சில்லை (சக்கரத்தை) சுழலவிட்டுக் கல்லில் உரசுவது, விலை அதிகம், பிரபுக்களின் கைக்குத்தான் போனது. பிறகு 1610 அளவில் பிரான்சில் கற்பொறி திருந்திய வடிவத்துக்கு வந்து, ஏறக்குறைய இருநூறு வருடம் அசையாமல் இருந்தது. அதை அசைத்தவர் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் ஒருவர், பெயர் போர்சைத். கிண்ணத்தில் மருந்து பற்றும் வெளிச்சத்தைக் கண்டு வாத்துகள் முந்திப் பறந்துவிடுகின்றனவே என்ற எரிச்சலில், அடித்தால் வெடிக்கும் இரசாயனத்தைப் பிடித்து 1807இல் காப்புரிமை எடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் கேப், அந்த இரசாயனத்தை அடைத்த குட்டித் தொப்பி. இதற்குத் ‘தொப்பிப்பொறி’ என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். வேண்டாமே! கேப் என்றால் இடியன் வைத்திருந்த எவருக்கும் விளங்கும். கேப்புப்பொறி என்றே இருக்கட்டும்.

லீ என்ஃபீல்டுக்கு என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அதில் மட்டும் கதவு உவமை பலிக்கும். அதன் கைப்பிடியைத் தூக்கு, இழு, தள்ளு, மடக்கு: அசல் வீட்டுத் தாழ்ப்பாள். தாழ்த்துவக்கு என்று போட்டுவிடலாம். பேத்தி திறப்புக் கேட்டாலும் பரவாயில்லை.

புதிய சொல்லை ஒரு வாக்கியத்தில் ஏற்றிப் பார்க்காமல் விடக்கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கொழும்பு தேசிய நூதனசாலைக்கு (அருங்காட்சியகத்துக்கு) போனேன். 1765இல் கண்டி அரண்மனையிலிருந்து ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கொள்ளையடித்துப் போய், 2023இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பிய பொருட்களில் லெவுகே திசாவை என்ற கண்டிப் பிரதானியின் பீரங்கிதான் எல்லாருக்கும் தெரிந்தது. பொன்னும் வெள்ளியும் சிவப்புக் கல்லும் பதித்தது, கூட்டம் அதைச் சுற்றித்தான் நிற்கும். அதோடு வந்தவற்றில் இரண்டு நீளச் சுவர்த் துவக்குகளும் உண்டு. சிங்களத்தில் ‘மஹா துவக்கு’, எங்கள் வாயிலும் அப்படியே நுழையும்.

சிங்களக் கொல்லர் செய்த பழைய துவக்குகளில் ஒரு விசேஷம்: ஐரோப்பியத் துவக்குகளில் வலப்பக்கம் இருக்கும் அந்தச் சாமான், இவற்றில் இடப்பக்கம் இருக்கும். சோங்கின் அடி இரண்டாகப் பிரிந்து சுருண்டிருக்கும். இதை அட்டையில் எழுத வேண்டும் என்று வையுங்கள். ‘இதன் பூட்டு இடப்பக்கத்தில் உள்ளது’ என்றால் துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று தோன்றும். ‘இதன் பொறி இடப்பக்கத்தில் உள்ளது’ என்றால் ஒன்றும் தெரியாதவரும் அந்தப் பக்கம் குனிந்து பார்ப்பார். எனக்கு அங்கேயே மனம் ஆறிவிட்டது.

ஒன்றுதான் இன்னும் இழுபறி. சில்லைச் சுழற்றும் அந்த இரண்டாவது வகைக்கு நான் சில்லுப்பொறி என்று எழுதியிருக்கிறேன். சில்லு என்றால் கண்ணாடித் துண்டு என்று சென்னையிலிருந்து ஒரே குரலாகச் சொல்கிறீர்கள். சக்கரப்பொறி என்றால் எனக்குத் தீபாவளி வெடி ஞாபகம் வருகிறது. நல்ல வேளையாக இந்த வீட்டில் அந்த வகைத் துவக்கே இல்லை. ஆகவே அவசரம் இல்லை, சண்டை பிடிக்க நாள் இருக்கிறது.

முதல் அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இப்போது அதில் இருப்பது இதுதான்:

‘கற்பொறித் துவக்கு. இடியன் வகை. குழல் 39 அங்குலம். பொறி வலப்பக்கம். குதிரையைத் தொட வேண்டாம்.’

கடைசி வரி பேத்தி சொல்லிச் சேர்த்தது. எழுத்துப்பிழை இருந்தால் வியாழனுக்கு முன் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து,
உங்கள் குழுமத்துத் தம்பி