உதவி: அலாரா உலகத்தை டி&டி-யில் நடத்தப் பார்க்கிறேன், சண்டை நகரவே மாட்டேன் என்கிறது

கேள்வி

வணக்கம் நண்பர்களே. மேஜிக்: த கேதரிங் கார்டு ஆட்டத்தில் 2008-ல் வந்த அலாரா உலகம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே உலகம் ஐந்து துண்டாக உடைந்துவிட்டது, ஒவ்வொரு துண்டிலும் ஐந்து நிற மனாவில் (மந்திர சக்தியில்) மூன்றுதான் உண்டு, மீதி இரண்டும் அடியோடு கிடையாது. இந்த ஒரு யோசனைக்காகவே இதை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி) ரோல்பிளே ஆட்டத்தின் 5ஆம் பதிப்பில் நான்கு நண்பர்களோடு நீண்ட கேம்பெயினாக நடத்த ஆரம்பித்தேன். மேஜிக்கின் வேறு உலகங்களான ராவ்னிகாவுக்கு 2018-லும் தீரோஸுக்கு 2020-லும் வந்தது போல அலாராவுக்கு அதிகாரப்பூர்வ டி&டி புத்தகம் கிடையாது, 2016-லிருந்து இலவசமாக வந்த பிளேன் ஷிஃப்ட் பிடிஎஃப்களிலும் இந்த உலகம் இல்லை, அதனால் விதிகளை நானே எழுதினேன். மூன்று செஷன் முடிந்தது. மூன்றிலும் தடுமாற்றம்தான்.

முதல் சிக்கல் மனா. ஸ்பெல் ஸ்லாட்டை (ஒரு நாளில் எத்தனை மந்திரம் போடலாம் என்ற அளவை) எடுத்துவிட்டு, கார்டு ஆட்டம் போலவே ரவுண்டுக்கு மனா தரும் ஒரு நிலம் என்று வைத்தேன். சண்டை நான்கு ரவுண்டில் முடிகிறது, மந்திரவாதிக்கு நல்ல மந்திரம் கைக்கு வருவதே ஐந்தாவது ரவுண்டில். பாவம், மூன்று செஷனாக அவர் சும்மா நின்றுகொண்டிருக்கிறார். சண்டையை இழுத்தால் மற்ற மூவரும் சலித்துப்போகிறார்கள்.

இரண்டாவது, கார்டில் இருக்கும் டஃப்னஸை (2/2 என்பதில் இரண்டாவது எண், அடி தாங்கும் அளவு; முதல் எண் அடிக்கும் வலு) 10-ஆல் பெருக்கி ஹெச்பி (உயிர்ப்புள்ளி) ஆக்கினேன். 2/2 கரடிக்கு 20, 5/5 டிராகனுக்கு 50. ஐந்து துண்டுகளில் ஒன்றான ஜண்டில் எல்லோரும் நடுங்க வேண்டிய டிராகன் ஒன்றரை ரவுண்டில் விழுந்துவிட்டது.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒருவர் கிரிக்ஸிஸ் என்ற துண்டிலிருந்து வரும் கிளெரிக்காக (காயம் ஆற்றும் பூசாரியாக) ஆட ஆசைப்படுகிறார். அங்கே வெள்ளையும் பச்சையும் இல்லை, அப்படியானால் காயம் ஆற்றும் மந்திரம் எப்படி வேலை செய்யும்? முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை, சரி என்று விட்டால் அந்த உலகத்துக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. இதற்கு முன் யாராவது இப்படிச் செய்திருந்தால் வழி சொல்லுங்கள்.

பதில் 1

மனா முறையைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். கார்டு ஆட்டத்தில் நிலத்தை இறக்கி மனா எடுப்பது யார்? நீங்கள். அதாவது உலகம் விட்டு உலகம் தாவும் ஒரு பிளேன்ஸ்வாக்கர், தூரத்தில் நின்று படையை அழைக்கிற ஆள். உங்கள் நண்பர்கள் ஆடுவது அந்த ஆளாக இல்லை, அவர் அழைக்கும் வீரனாகவும் மந்திரவாதியாகவும். வீரனுக்குக் கையில் ஏழு கார்டும் கிடையாது, முறைக்கு ஒரு நிலமும் கிடையாது.

ராவ்னிகா புத்தகத்தைப் பார்த்தாலே தெரியும். விதிகளை எழுதியது இரண்டு ஆட்டத்தையும் வைத்திருக்கிற அதே நிறுவனம், அவர்களே மனாவைக் கொண்டுவரவில்லை. ஸ்பெல் ஸ்லாட் அப்படியே இருக்கிறது. அந்த உலகத்தின் பத்து கில்டுகளை (சங்கங்களை)ப் பின்னணிகளாக மாற்றி, கில்டுக்குள் உங்கள் பெயர் உயர உயர என்ன கிடைக்கும் என்று மட்டும் எழுதினார்கள். தீரோஸில் அந்த இடத்துக்குக் கடவுள் மேல் இருக்கும் பக்தியின் அளவு வந்தது. அந்த உலகத்தில் வாழ்கிற ஒருவனுக்கு எது முக்கியமோ அதற்குத்தான் புது விதி தந்தார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் லெஜெண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ் 1995-ல் கார்டு ஆட்டமாக வந்து 1997-ல் ரோல்பிளே ஆட்டமாக மாறியபோதும் இதுதான் நடந்தது. குலங்களும் பேரரசும் அப்படியே வந்தன, விதிகள் பத்துமுகப் பகடையை வைத்துப் புதிதாக எழுதப்பட்டன.

நிலத்தின் வாசனை கொஞ்சமாவது வேண்டும் என்றால் லாங் ரெஸ்டில் வையுங்கள். எங்கே படுத்து எழுந்தார்களோ அந்த மண்ணில் இல்லாத நிறத்தின் மந்திரத்தை அன்றைக்குத் தயார் செய்ய முடியாது. அவ்வளவு போதும், சண்டையின் நடுவே யாரும் கணக்குப் போட வேண்டாம்.

பதில் 2

ஹெச்பி விஷயத்துக்கு வருகிறேன். கார்டில் இருக்கும் எண் ஒரு கரடிக்கும் டிராகனுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லவே சொல்லாது. அங்கே எல்லாம் 20 உயிர்ப்புள்ளிக்குள் அடங்க வேண்டும், அதனால் எண்களை நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். மூன்று 2/2 கரடிகளின் அடியைக் கூட்டினால் 6, ஒரு 5/5 டிராகன் காலி. (பறப்பதால் அதைக் கரடிகள் தடுக்க முடியாது என்பது வேறு விஷயம்.) 2014 டி&டி விதியில் பழுப்புக் கரடிக்கு 34 ஹெச்பி, இளம் சிவப்பு டிராகனுக்கு 178, வளர்ந்ததற்கு 256. எந்த எண்ணால் பெருக்கினாலும் அந்த விகிதம் வராது.

நான் செய்வது இதுதான். கார்டின் ஓவியத்தையும் அதன் திறனையும் மட்டும் பார்ப்பேன், எண்ணைப் பார்க்க மாட்டேன். அப்புறம் மான்ஸ்டர் புத்தகத்தில் அதற்கு நெருக்கமான ஒன்றை எடுத்து, கார்டின் திறனிலிருந்து ஒரே ஒரு குணத்தை ஒட்டுவேன். ஜண்டில் டிவவர் என்ற திறன் இருக்கிறதல்லவா, களத்துக்கு வரும்போதே தன் பக்கத்து உயிர்களைத் தின்று பெரிதாகும்? உங்கள் டிராகன் தன் ஆக்‌ஷனைச் செலவழித்துக் காலடியில் நிற்கும் கோப்ளினை விழுங்கி 15 தற்காலிக ஹெச்பி பெறட்டும். ஒரு தடவை கண் முன்னால் நடந்தால் போதும், ஜண்ட் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டாம்.

கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. ஆடுபவர் பிளேன்ஸ்வாக்கர் இல்லை என்ற கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. மனா தாளை எடுத்து ஓரம் வைத்துவிட்டேன். கிளெரிக் பற்றி யாராவது?

பதில் 3

கிளெரிக்கைத் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள், உங்கள் கேம்பெயினின் உயிரே அவர்தான்.

இல்லாத நிறத்தை ஒரு தடையாகப் பார்ப்பதால்தான் கஷ்டமாக இருக்கிறது. அது ஒரு பஞ்சம். பஞ்சத்தில் பிறந்தவனுக்குப் பசி இயல்பு, சோறுதான் அதிசயம். கிரிக்ஸிஸில் இருப்பது நீலம், கறுப்பு, சிவப்பு. செத்தவர்கள் நடக்கிறார்கள், உயிரோடு இருக்கிற கொஞ்ச மனிதர்களின் உயிராற்றலுக்காக அவர்களை வேட்டையாடுகிறார்கள். புதிதாக உயிர் ஊறாத மண் அது. அங்கே காயம் ஆற்றுவது என்றால் ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது, வேறு வழியே கிடையாது. டி&டி-யில் அதன் கறுப்பு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது, வாம்பயரிக் டச் என்ற மந்திரம் 3டி6 (மூன்று ஆறுமுகப் பகடை) அடி அடித்து அதில் பாதியை அடித்தவருக்கே தருகிறது.

ஆகவே காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் அவரிடம் இருக்கட்டும், பகடையும் அதேதான். ஆனால் ஏறுகிற ஒவ்வொரு ஹெச்பியும் தொடும் தூரத்தில் இருக்கும் வேறொரு உயிரிடமிருந்து இறங்க வேண்டும். மனம் ஒப்பிக் கொடுக்கும் தோழனாக இருக்கலாம், கட்டிப்போட்ட எதிரியாக இருக்கலாம், அவரே தன்னிடமிருந்து கொடுக்கலாம். ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு யாரிடம் எடுப்பது என்று மேசையில் பேச்சு வரும் பாருங்கள், அந்தப் பேச்சுதான் ஆட்டம்.

மற்ற துண்டுகளுக்கும் இதே பார்வை. எஸ்பரில் சிவப்பும் பச்சையும் இல்லை, கிட்டத்தட்ட எல்லா உயிரின் உடம்பிலும் ஈதீரியம் என்ற உலோகம் கலந்திருக்கும். அந்த மந்திரவாதியிடம் உன் உடம்பில் எந்த உறுப்பு உலோகம், அதைப் பொருத்தியது யார் என்று கேளுங்கள், பின்கதை தானாக வரும். ஜண்டில் நீலம் கிடையாது, எதிரியின் மந்திரத்தை முறியடிக்கும் கவுன்டர்ஸ்பெல் என்ற ஒன்றை அங்கே யாரும் கனவிலும் கண்டதில்லை. நயாவில் பெரிய மிருகம் நடந்து போகும் பாதையே வேதம். பான்ட் வீரனுக்கு எக்ஸால்டட் திறனைத் தாருங்கள். கார்டில் ஒருவர் மட்டும் தனியாகத் தாக்கும்போது அந்தத் திறன் இருக்கிற ஒவ்வொருவரும் அவருக்கு +1/+1 கூட்டுவார்கள். மேசையில், தன் தாக்குதலை விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு தோழனுக்கும் அவன் அடியில் +1 டி6 என்று வையுங்கள்.

நான்கு பேரும் நான்கு துண்டு என்றால் கதை தொடங்க வேண்டிய இடமும் அதுவாகவே கிடைக்கிறது. 2009 கார்டுகளில் துண்டுகள் திரும்ப மோதி ஒன்றாகின்றன. அந்த மோதல் நாளில் தொடங்குங்கள். அதற்குக் காரணமான நிகோல் போலஸ் என்ற டிராகன் பிளேன்ஸ்வாக்கரைத் தயவுசெய்து மேடைக்குக் கொண்டுவராதீர்கள், கார்டு தெரிந்த நண்பர்கள் முடிவையும் தெரிந்து வைத்திருப்பார்கள். எல்லை ஓரத்துக் கிராமம் ஒன்று போதும்.

பதில் 4

கொஞ்சம் மாறுபடுகிறேன். மேஜிக்கில் ஒவ்வொரு நிறமும் ஒரு கொள்கை, அப்படியானால் டி&டி அதற்கு ஏற்ற கருவிதானா? ஃபேட் மாதிரியான ஆட்டத்தில் ஆளின் குணத்தையே வாக்கியமாக எழுதிப் பகடைக்குள் கொண்டுவரலாம். லெவல், ஸ்லாட், ஹெச்பி என்று மல்லுக்கட்ட வேண்டாம். தொடங்கி மூன்று செஷன்தானே ஆகிறது, மாறுவது சுலபம்.

பதில் 3 எழுதியவர்

புதுக் குழு என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் இந்தக் கிளெரிக்குக்கு ஹெச்பி எண் வேண்டும். உயிரை எண்ணி எடுத்து எண்ணிக் கொடுக்கும்போதுதான் வலி தெரியும், 7 உனக்கு, 7 எனக்குக் குறைவு என்று.

கேட்டவர் (நான்காவது செஷனுக்குப் பிறகு)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொருவருக்கும் அவரவர் மண்ணில் ஒரு சின்னக் காட்சி, அப்புறம் வானம் கிழிந்து மோதல். ஸ்பெல் ஸ்லாட் திரும்ப வந்ததில் மந்திரவாதி முதல் ரவுண்டிலேயே ஆடினார். டிராகன் கோப்ளினை விழுங்கியதும் எல்லோரும் ஓடினார்கள். நின்று அடிக்க யாருக்கும் தோன்றவில்லை, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

ஓடி ஒளிந்தது நயாவும் கிரிக்ஸிஸும் ஒட்டிக்கொண்ட ஒரு சரிவில். பான்ட் வீரன் சாகக் கிடந்தான். கிளெரிக் தன் 9 ஹெச்பியில் 6 கொடுப்பதாகச் சொல்லிப் பகடை உருட்டினார். 6 விழுந்தது. அவன் எழுந்தான். அவரிடமிருந்து எதையும் கழிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. பச்சை மனா அந்த மண்ணில் கசியத் தொடங்கியிருந்தது.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் கதாபாத்திரமாகவே மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால் இது யாருடையது?"

அடுத்த செஷன் முழுக்க அவர் அதைத் தேடப் போகிறாராம். எல்லை ஓரத்துக் கிராமத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது, பான்ட் வீரனுக்கு மூவரும் விட்டுக்கொடுத்தால் +3டி6 ஆகிறது, இரண்டாம் லெவலுக்கு அது அதிகமா?

பதில் 2 எழுதியவர்

அதிகமில்லை, மூன்று பேரின் தாக்குதல் போகிறதே. ரவுண்டுக்கு ஒரு அடிக்கு மட்டும் என்று வையுங்கள்.