புதுப்பிப்பு: இரவு வேட்டைக்கு 384-ஆ, 640-ஆ?

டெக்சாஸ் பண்ணையில் காட்டுப்பன்றி வேட்டைக்கு 384 சென்சார் தெர்மல் ஸ்கோப் (வெப்பத்தைப் படமாகக் காட்டும் துப்பாக்கிக் குறிநோக்கி; எண் என்பது சென்சாரின் அகலவாக்கில் உள்ள பிக்சல்கள்) போதுமா, 640 வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். 640-ஐயே வாங்கிவிட்டேன், விலை கையைக் கடித்தது. இரண்டிலும் 12 மைக்ரான் பிக்சல், 35 மி.மீ. லென்ஸ் என்றால், 100 மீட்டர் தொலைவில் 384 காட்டுவது சுமார் 13 மீட்டர் அகலம். 640 காட்டுவது சுமார் 22. சிதறி ஓடும் கூட்டத்துக்கு இந்த அகலம் அவசியம். டிஜிட்டல் ஜூமை நம்பாதீர்கள், படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மழை ஓய்ந்த இரவில் புல்லும் மண்ணும் ஒரே சாம்பல் நிறம். படுத்திருக்கும் கன்றும் பன்றியும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எழுந்து மூஞ்சி தெளிவாகத் தெரியும்வரை விசையில் விரல் வைப்பதில்லை. இன்னொன்று: படத்தைச் சீராக்க உள்ளே ஷட்டர் 'டிக்' என்று மூடுகிறது, அந்த ஓசைக்கே கிழட்டுப் பன்றி காதை நிமிர்த்துகிறது. ஷட்டரைக் கையால் இயக்கும் முறைக்கு மாற்றிவிட்டேன்.