டி.எம்.எஸ் சிகிச்சை: அந்த நாற்காலியில் முப்பது நாட்கள்

மனச்சோர்வுக்கு டி.எம்.எஸ் என்ற காந்தத் தூண்டல் சிகிச்சை எடுக்கலாமா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் குழம்பியபோது, அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லியிருந்தால் எவ்வளவோ தைரியமாக இருந்திருக்கும்.

எனக்கு மூன்று வருடமாக மனச்சோர்வு. முதல் மாத்திரை கேட்கவில்லை. இரண்டாவது தூக்கத்தை மட்டும் கொடுத்தது. காலையில் பல் தேய்க்க பிரஷ்ஷை எடுப்பேன். எடுத்தபடியே நிற்பேன். பேஸ்ட்டைத் திறக்க வேண்டும், அப்புறம் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று நினைக்கும்போதே களைத்துப்போய், திரும்ப வந்து படுத்துவிடுவேன். சோம்பேறித்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த வார்த்தை இன்னும் வலிக்கிறது.

டாக்டர் டி.எம்.எஸ் என்றதும் வீட்டில் எல்லோரும் ஷாக் ட்ரீட்மெண்ட் என்றே புரிந்துகொண்டார்கள். அம்மா அழுதேவிட்டார். அது வேறு, இது வேறு. ஷாக் என்று நாம் சொல்லும் இ.சி.டி-யில் மயக்க மருந்து கொடுத்து, மின்சாரத்தால் சிறிது நேரம் வலிப்பை வரவழைப்பார்கள். கடுமையான மனச்சோர்வுக்கு அது நல்ல சிகிச்சை, பயந்து ஒதுக்க வேண்டியதே இல்லை. டி.எம்.எஸ்ஸில் மயக்க மருந்து கிடையாது. ஒரு கம்பிச்சுருளைத் தலையில் ஒட்டினாற்போல் வைத்து, அதில் மின்சாரத்தைச் சட்சட்டென்று பாய்ச்சுகிறார்கள். அதில் உண்டாகும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டிப் போய், மூளையின் மேல்பரப்பில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான், 1831-இல் கண்டுபிடித்தது. அதை மனித மூளைக்குக் கொண்டுவந்தது 1985-இல், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், அந்தோனி பார்க்கரும் அவர் குழுவும். மனச்சோர்வுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2008-இல் அனுமதி கொடுத்தது. இதையெல்லாம் டாக்டர் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் அம்மா சமாதானமானார்.

முதல் நாளை மறக்க முடியாது. எனக்கு எவ்வளவு விசை தேவை என்று பார்க்க, சுருளை இடதுபக்க உச்சியில் வைத்து மெல்ல மெல்ல நகர்த்தினார்கள். டக். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, டக். என் வலது கட்டைவிரல் துள்ளியது. நான் அசைக்கவில்லை, அதுவாகவே அசைந்தது. பல மாதமாகக் கல்லாகக் கிடப்பதாக நினைத்திருந்த உடம்பு ஒரு தட்டலுக்குப் பதில் சொல்கிறதே என்று கண் கலங்கிவிட்டது. விரல் துள்ளும் அளவை வைத்துத்தான் விசையைக் கணக்கிடுகிறார்கள். பிறகு சுருளை முன்நெற்றிப் பக்கம் நகர்த்திவிடுவார்கள். மனச்சோர்வில் மந்தமாகிவிடும் பகுதி அங்கே இருக்கிறதாம்.

நாலு நொடி மரங்கொத்தி கொத்துவதுபோல் தட்டும். இருபத்தாறு நொடி ஓய்வு. மறுபடி தட்டல். இப்படி முப்பத்தேழு நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். சத்தம் அதிகம் என்பதால் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் இடது புருவம் வெட்டி இழுத்தது, வீட்டுக்கு வந்தால் தலைவலி. அடுத்த வாரத்தில் அது பழகிவிட்டது.

மூன்றாவது வாரம் முடிந்தும் மாற்றம் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்றே இருந்தேன். நாலாவது வாரத்தில் ஒருநாள் அக்கா போனில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினாள். "இப்போ என்ன கேட்டே?" என்றாள். நான் "அப்புறம்?" என்று கேட்டிருக்கிறேன். மூன்று வருடமாக அவளுக்குக் கிடைத்ததெல்லாம் "ம்", "சரி" மட்டும்தான். எனக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மாத்திரையை நிறுத்தவில்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி கொஞ்சம் சரிந்தேன், சில அமர்வுகள் திரும்ப எடுத்தேன். இப்போது பரவாயில்லை.

* * *

உங்கள் பதிவை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்கு இதே டி.எம்.எஸ்ஸை, தட்டல்களைக் கொத்துக்கொத்தாக வேகமாகக் கொடுக்கும் தீட்டா பர்ஸ்ட் என்ற முறையில் கொடுத்தார்கள். ஒரு அமர்வு மூன்று நிமிடம்தான். இவ்வளவு சீக்கிரம் முடிவதில் என்ன பலன் இருக்கப்போகிறது என்று எனக்குச் சந்தேகம். 2018-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வில் இது முப்பத்தேழு நிமிட முறைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்ததை டாக்டர் சொன்ன பிறகே நிம்மதி.

ஒன்று முக்கியம். தலைக்குள் கிளிப், காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் கருவி போன்ற உலோகம் இருந்தாலோ, எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிகிச்சையின்போது வலிப்பு வருவது மிக அரிது, ஆனாலும் மறைக்கக் கூடாது. என் மாமனாருக்கு மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டிருப்பதால் இந்தச் சிகிச்சையே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

* * *

எனக்கு இந்தச் சிகிச்சை கேட்கவில்லை. இதையும் யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். முப்பது அமர்வும் முடித்தேன், ஒருநாள்கூட விடவில்லை. கடைசி நாள் எழுந்து வெளியே வந்தபோது, இதுவும் போயிற்று என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு அன்றைக்குப் பலமாக வந்தது. நல்லவேளை, தம்பி கூட வந்திருந்தான். அவனிடம் சொன்னேன், அவன் அப்போதே டாக்டரிடம் திரும்ப அழைத்துப் போனான். அதற்குப் பிறகு இ.சி.டி எடுத்துத்தான் எழுந்தேன். தயவுசெய்து கடைசி அமர்வுக்குத் தனியாகப் போகாதீர்கள். அந்த நினைப்பு வந்தால் மறுநாள் வரை வைத்திருக்காமல் அப்போதே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

* * *

முதலில் எழுதியது நான்தான். உங்கள் தம்பி கூட இருந்ததற்கு நானும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

தலைமுடியை மழிக்க வேண்டுமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வேண்டாம். மூக்குக்கண்ணாடி, ஹேர்பின், கம்மல் மாதிரி உலோகம் எதுவும் தலைப்பக்கம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் கம்மலைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு வைப்பேன். முடிந்ததும் அப்படியே பையில் எறிந்துவிட்டு வெறுங்காதோடு வீட்டுக்கு வருவேன். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள், வெளியே கிளம்பும் முன் அங்கிருந்த கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கம்மலையும் மாட்டிக்கொண்டேன்.